தூக்குமேடை வீரனும் தோட்டத்துச் சிப்பாயும்

போரில் மடிந்த வீரனைப் பற்றிப் பேசும்போது, அவன் எந்தக் களத்தில் விழுந்தான் என்றுதான் முதலில் கேட்கிறோம். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டான் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. இந்திய விடுதலைக்காக மலாயாவிலிருந்து சென்று உயிர்நீத்தவர்களைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது கேள்வியே பெரிதும் உதவும்.

வக்கம் அப்துல் காதரை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் என்ற கடலோரச் சிற்றூரில் 1917 மே 25-இல் பிறந்தவர். தந்தை பெயர் வாவாக்குஞ்ஞு. எளிய முஸ்லிம் குடும்பம். பள்ளிப் பருவத்தில் காதருக்குப் பாட்டும் பந்தாட்டமும் உயிர். மாணவராக இருந்தபோதே அரசியல் கிளர்ச்சிகளிலும் ஈடுபட்டார். 1938-இல், 21 வயதில், பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறினார். இங்குப் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. குடும்பத்துக்குக் கைகொடுக்க வந்த பிள்ளை அவர்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இந்திய சுதந்திரச் சங்கம் வேகம் பெற்றது. பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் முன்னின்று நடத்திய சுயராஜ்யப் பயிற்சிக் கூடத்தில் காதரும் சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவரும் தோழர்கள் சிலரும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். மலபார் கரையில் தானூர் அருகே இறங்கியதும் பிடிபட்டனர். சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங் ஆகிய நால்வரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். மலையாளிகள் இருவர், வங்காளி ஒருவர், சீக்கியர் ஒருவர். காதருக்கு அப்போது வயது 26.

சாவதற்கு முன் அவர் தந்தைக்கு எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலையும் வெளியிட்டது. மகன் எந்த நாளில், எந்த ஊரில், எதற்காக மாண்டான் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

இனி நெகிரி செம்பிலானில் உள்ள லிங்கிப் பக்கம் வருவோம். லிங்கி ஆற்றை ஒட்டிய நிலங்களில் ரப்பர் வளர்ந்த காலம் அது. லிங்கி பிளாண்டேஷன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1905-இல் தொடங்கப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் மலாயாத் தோட்டங்களில் குடியேறினர். லயத்து வீடு, விடியுமுன் பிரட்டு, பால் வெட்டு, மாலையில் கள்ளுக்கடை. இதற்குள்தான் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தனர்.

அந்தப் பிள்ளைகள் அரசியலே அறியாதவர்கள் என்று நினைப்பது தவறு. 1941-இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது, தோட்டத்து வாலிபனின் முன் இருந்த நிலை இதுதான். அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம். ரயில் பாதைக்குப் பிடித்துப் போவார்களோ என்ற அச்சமும், வயிற்றுப் பசியும் சிலருக்குக் காரணங்களாக இருந்தன. இதைச் சொல்வதால் அவர்களின் தியாகம் சிறுத்துவிடாது. துரையின் முன் தலைகுனிந்து நின்றவரின் மகன் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றான். சாதி, மதம் பாராமல் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சாதாரண மாற்றமா?

1944-இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945-இல் ஐராவதிக் கரையிலும் போப்பா மலைப் பகுதியிலும் நின்று போரிட்டவர்களில் மலாயாவில் சேர்ந்த தமிழர் பலர் இருந்தனர். குண்டுக்கு இரையானவர்கள் போக, மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியும் கொண்டுபோனவர்கள் ஏராளம். மடிந்தோர் நினைவாக 1945 ஜூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அதே இடத்தில் நினைவுப் பலகை அமைய 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காதரின் தந்தைக்குக் கடிதம் கிடைத்தது. பர்மாக் காட்டில் விழுந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் பெற்றோருக்குத் தந்திகூட வரவில்லை. திதி கொடுக்க நாள் தெரிய வேண்டுமே! இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது நம் மரபு. பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்க அந்த ஒரு நாள்தான் மிஞ்சியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து சென்றன.

தூக்குமேடை ஏறியவருக்கு நீதிமன்ற ஏடுகள் சாட்சியாக இருக்கின்றன. தோட்டத்துச் சிப்பாய்க்கு அவன் குடும்பத்தாரின் நினைவுதான் சாட்சி. தாத்தாவின் அண்ணன் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், யாருடன் புறப்பட்டுப் போனார் என்ற நான்கு விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அந்தப் பெயரைக் கேட்டறிந்தவர்களுக்கும் இன்று வயதாகிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.