அணிசேராமை

'அணி' என்றால் நகை மட்டுமல்ல. வரிசை, படைவகுப்பு என்றும் பொருள். 'சேர்' வினையோடு எதிர்மறை ஆகாரமும் மை விகுதியும் கூடி, எந்த வல்லரசின் படைவரிசையிலும் ஒரு நாடு நிற்காத நிலையைக் குறித்தது. இது ஒதுங்கி நிற்பதன்று. எல்லாத் திசையிலும் பேசும் உரிமை. சிறிய நாட்டுக்கு அதுவே உயிர்நாடி. திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தபோதே, 1952இல் எதிரணியிலிருந்த கம்யூனிசச் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்க இலங்கை ஒப்பந்தம் செய்தது. எவ்வளவு துணிச்சல்! தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பிலேயே கூடியது. நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்புண்டு: குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1949இல் இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். அணிசேராமைக்கு வித்திட்ட 1955ஆம் ஆண்டு மாநாடு அந்நாட்டின் பாண்டுங் நகரில்தான் நடந்தது.