படத்தோடு பயணம் செய்யும் எழுத்து



இன்று நீங்கள் எம்.ஆர்.டி. இரயிலில் வந்திருந்தால் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பயணிகளில் சிலர் கைத்தொலைபேசியில் நாடகம் பார்க்கிறார்கள். சத்தத்தை அடைத்துவிட்டு, படத்தின் அடியில் ஓடும் எழுத்து வரிகளை மட்டும் படித்துக்கொண்டு வருகிறார்கள். நமக்கு அது ஒரு வசதி. ஆனால் படத்தோடு மறைந்து வந்து, வேண்டும்போது தோன்றும் அந்த வரி நமக்காகப் பிறந்ததன்று. காது கேளாதோர் போராடிப் பெற்றது. ஒவ்வொரு புதிய சாதனம் வந்தபோதும் அவர்கள் அதை இழந்தார்கள்; மீண்டும் போராடி மீட்டார்கள். அமெரிக்காவில் நடந்த அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பேசாப்படக் காலத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே கொட்டகையில் அமர்ந்து ஒன்றாகச் சிரித்தார்கள். வசனங்கள் அட்டையில் எழுதிக் காட்டப்பட்டன. 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்த பிறகு அந்த அட்டைகள் மறைந்தன. உலகுக்குப் படம் பேசத் தொடங்கியபோது இவர்களுக்கு அது ஊமையாகிவிட்டது. பேசாப்படங்களில் நடித்த எமர்சன் ரொமேரோ என்பவர் காது கேளாதவர். அவர் 1947இல் பேசும் படச் சுருள்களை வெட்டி, இடையிடையே எழுத்து அட்டைகளை ஒட்டிக் காட்டினார். 1958இல் எழுத்து வரியிட்ட படங்களை இரவல் கொடுக்க அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது.

அதற்குள் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அதில் எழுத்து இல்லை! 1972இல் பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சி, ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்து வரிகளோடு ஒளிபரப்பியது. அந்த எழுத்து எல்லார் திரையிலும் தெரிந்தது. காது கேட்பவர்களுக்கு இது இடைஞ்சல் என்று நிலையங்கள் தயங்கின. வேண்டியவருக்கு மட்டும் தெரியும்படி எழுத்தை எப்படி அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது.

பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்நாளைய அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கோடுகளால் ஆனது. அவற்றில் சில கோடுகள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியா. அவற்றுள் 21ஆம் கோட்டில் எழுத்தை ஒளித்து அனுப்பலாம் என்றார்கள். ஒரு படத்துக்கு இரண்டு எழுத்து. நொடிக்கு ஏறக்குறைய அறுபது எழுத்து. பேச்சின் வேகத்துக்கு அது போதும். 1976இல் அரசின் தகவல் தொடர்பு ஆணையம் அந்தக் கோட்டை இதற்கென ஒதுக்கியது. 1980 மார்ச் 16ஆம் நாள் ஒளிபரப்பு தொடங்கியது.

ஆனால் அந்த எழுத்தைப் பிரித்துக் காட்டத் தனிப் பெட்டி வேண்டும். விலை ஏறக்குறைய 250 டாலர். பெட்டி வாங்கியவர் குறைவு என்பதால் எழுத்து வரியிட்ட நிகழ்ச்சிகள் குறைவு. நிகழ்ச்சிகள் குறைவு என்பதால் பெட்டி வாங்குவோரும் குறைவு. இந்தச் சுழலை உடைத்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்றது அது. தனிப் பெட்டி செய்த வேலையை ஒரு சிறு சில்லு செய்தது.

எல்லாம் சரியாயிற்று என்று நினைத்த வேளையில் இணையமும் கைத்தொலைபேசியும் வந்தன. நேற்றுத் தொலைக்காட்சியில் எழுத்தோடு வந்த அதே நிகழ்ச்சி, இன்று கைத்தொலைபேசியில் எழுத்து இல்லாமல் வந்தது. சட்டம் தொலைக்காட்சியைப் பற்றியே பேசியது. மேலும் இணையத்தில் ஆளுக்கொரு முறையில் எழுத்தை அனுப்பினார்கள். நம் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று முனை பிளக்கை எண்ணிப் பாருங்கள். எந்தக் கடையில் வாங்கிய மின்விசிறியும் அதில் பொருந்துகிறது. அப்படி எல்லாருக்கும் பொதுவான ஓர் அமைப்பைத்தான் தரநிலை என்கிறோம். கைத்தொலைபேசி எழுத்துக்கு அது இல்லாமல் போயிற்று.

2010ஆம் ஆண்டு அதற்கு விடை கிடைத்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 'டிடிஎம்எல்' என்ற எழுத்துவரித் தரநிலையை வெளியிட்டது. திரைப்படத் தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் அதை அடிப்படையாகக் கொண்டு ஒளிபரப்புத் துறைக்கான வடிவத்தைத் தந்தது. 21ஆம் கோட்டில் வந்த பழைய எழுத்தும் அதில் அடங்கும். அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அதிபர் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொலைக்காட்சியில் எழுத்தோடு வந்த நிகழ்ச்சி, இணையத்திலும் எழுத்தோடு வரவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2012இல் வந்தபோது, பொறியாளர் சங்கத்தின் தரநிலையைப் பின்பற்றுவோர் சட்டக் கடமையை நிறைவேற்றியவர் ஆவர் என்று ஆணையம் அறிவித்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் பழைய ஒளிபரப்பு முறையை நிறுத்தியபோது 21ஆம் கோடே இல்லாமல் போனது. எழுத்து மட்டும் போகவில்லை. அதே இரண்டிரண்டு எழுத்துகள் இலக்கமுறைப் படத்துக்குள் குடியேறின. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம், படத்தைச் சில நொடித் துண்டுகளாக்கிக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அந்தத் துண்டுகளுக்குள்ளும் 1980ஆம் ஆண்டின் அந்த எழுத்து பயணம் செய்ய முடிகிறது.

நேயர்களே, இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தப் பழைய முறை உரோமன் எழுத்துக்காக அமைந்தது. அதில் தமிழ் எழுத முடியாது. டிடிஎம்எல் யூனிகோடை ஏற்பது. யூனிகோடில் 1991 முதலே தமிழ் உண்டு. ஆகவே காது கேளாத ஒரு தமிழர், தமிழ் நாடகத்தின் வசனத்தைத் தமிழிலேயே கைத்தொலைபேசியில் படிக்கத் தொழில்நுட்பத் தடை இல்லை. நம் தொலைக்காட்சியில் தமிழ்ப் படங்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடுவதை நாம் அறிவோம். அவை பிற மொழியாருக்கு உதவுகின்றன. முதுமையில் காது மங்கிய, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த நம் பாட்டிக்கு?

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் படங்களையும் பயன்படுத்தத்தக்க வடிவில் பெறுவது மாற்றுத் திறனாளிகளின் உரிமை என்று 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கூறுகிறது. அதன் 30ஆம் பிரிவில் இது உள்ளது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அவ்வுடன்படிக்கையில் இணைந்தன. சாதனம் மாறும்போது உரிமை தானாகக் கூடவே வருவதில்லை. யாரேனும் கேட்டால்தான் வருகிறது. அமெரிக்காவில் கேட்டவர்கள் காது கேளாதோர். நம் பாட்டிக்காக நாம்தான் கேட்கவேண்டும்.