நாடக உடைக்கூடம்

நாடகம், ஆபரா, பாலே ஆகிய மேடைக் கலைகளுக்கான உடைகளை வெட்டி, தைத்து, சாயமேற்றி, காட்சிகள் ஓடும் காலம் முழுவதும் பராமரிக்கும் பணிமனை நாடக உடைக்கூடம். அமெரிக்க அரங்கத்தார் இதைக் காஸ்ட்யூம் ஷாப் என்பர். பிரிட்டனில் வார்ட்ரோப் என்ற பெயரும் வழங்குகிறது. பெரிய அரங்குகளில் தனிக் கட்டடமாகவே இருக்கும். சிறிய குழுக்களில் மேடைக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, அவ்வளவுதான். எந்த அளவில் இருந்தாலும் வேலையின் தன்மை ஒன்றே. கடைத்தெருத் தையற்காரர் ஒருவருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கிறார். அது அவருக்குப் பொருந்தினால் வேலை முடிந்தது. உடைக்கூடத்தில் தைப்பது வாரத்துக்கு எட்டுக் காட்சி வியர்வையில் ஊற வேண்டும், மேடையோரத்து இருட்டில் சில நொடிகளில் கழல வேண்டும், நடிகர் மாறினால் அடுத்தவருக்கும் சேர வேண்டும். பிரித்து மறுபடி தைக்க இடம் விட்டே இங்கே ஊசி ஓடுகிறது. மேடை உடையின் அழகைப் பேசுபவர்கள் பலர். அதைவிடப் பெரிய திறமை இந்த முன்யோசனையில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நடிகர்கள் பெரும்பாலும் தங்கள் காலத்து உடையிலேயே பழங்கதைகளை நடித்தார்கள். டேவிட் கேரிக் மாக்பெத்தாக மேடையேறியது அன்றைய ஆங்கிலக் கனவானின் கோட்டில்தான். 1823இல் கவென்ட் கார்டன் அரங்கில் சார்லஸ் கெம்பிள் நடத்திய ‘கிங் ஜான்’ நாடகத்துக்கு ஜே. ஆர். பிளான்ஷே கல்லறைச் சிற்பங்களையும் பழைய ஓவியங்களையும் ஆராய்ந்து உடை வரைந்தார். வரலாற்றுத் துல்லியம் மேடையில் மோஸ்தரானது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மைனிங்கன் பிரபுவின் குழு கனமான அசல் துணிகளையே உடுத்தி நடித்து ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கியது. கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு மேடையேறிய காலம் இப்படிப் போக, உடைக்கூடத்தின் வேலை பல மடங்கு பெருகியது.

வேலை பார்ப்பவர்கள்

உடை வடிவமைப்பாளர் படம் வரைந்து, துணி மாதிரிகளோடு கொண்டுவந்து தருவார். அந்தப் படத்தைத் துணியாக்குபவர் கட்டிங் மாஸ்டர். அமெரிக்காவில் இவரை டிரேப்பர் என்கிறார்கள். டம்மியின்மேல் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி வடிவம் காண்பதும் உண்டு. தாளில் அளவு போட்டு வரைந்து வெட்டுவதும் உண்டு. அவருக்கு வலக்கையாக இருப்பவர் ஃபர்ஸ்ட் ஹேண்ட்: துணியை வெட்டி, தைப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். பிறகு தையற்காரர்கள், சாயக்காரர், தொப்பியும் முகமூடியும் கவசமும் செய்பவர்கள். காட்சி தொடங்கிவிட்டால் பொறுப்பு டிரெஸ்ஸர்கள் கைக்குப் போகும். நடிகருக்கு உடுத்திவிடுவதும் கழற்றுவதும் அவர்கள் வேலை.

நியூயார்க் பிராட்வேயின் டோனி விருதுகளில் 1947இல் இருந்தே உடை வடிவமைப்புக்குப் பரிசு உண்டு. அது படம் வரைந்தவருக்குப் போகிறது. ஆனால் வரைபடத்தில் பெரும்பாலும் உடையின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். முதுகு எப்படி இருக்க வேண்டும், தையல் எங்கே வர வேண்டும், கையைத் தூக்கினால் இடுப்பு மேலேறாமல் இருக்க என்ன செய்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் கட்டிங் மாஸ்டரே. அவரையும் படைப்பாளி என்றுதான் சொல்ல வேண்டும்.

துணியிலிருந்து மேடை வரை

விலையுயர்ந்த துணியில் எடுத்த எடுப்பிலேயே கத்தரி வைப்பதில்லை. முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து நடிகருக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கண்ணாடி முன் நேராக நிற்பதோடு அந்த டிரயல் முடிவதில்லை. அந்தப் பாத்திரம் மேடையில் செய்வதை எல்லாம் நடிகர் செய்து காட்ட வேண்டும்: மண்டியிட வேண்டும், வாளை ஓங்க வேண்டும், செத்து விழுந்து கிடக்க வேண்டும். அக்குளில் பிடித்தால் அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்க்கப்படும். மாதிரியின்மேலேயே பென்சிலால் கோடு போட்டுத் திருத்துவார்கள். கார்செட், தரைபுரளும் பாவாடை போன்றவற்றுக்கு ஒத்திகைக்கென்றே பழைய உருப்படிகளைத் தந்துவிடுவதும் வழக்கம். மூச்சையும் நடையையும் அவை மாற்றிவிடும் என்பதால் நடிகருக்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும்.

வெள்ளைத் துணி மேடை விளக்கில் கண்ணைப் பறிக்கும், நடிகரின் முகத்தை மங்கடிக்கும். அதனால் வெள்ளைச் சட்டைகளைத் தேயிலைச் சாற்றிலோ மெல்லிய சாயத்திலோ முக்கி ஒரு படி மங்கலாக்குகிறார்கள். புத்தம் புதிதாகத் தைத்த உடையைப் பழசாக்குவது தனிக் கலை. பிச்சைக்காரனின் கோட்டு என்றால் உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் கொண்டு முழங்கையையும் கழுத்துப்பட்டையையும் தேய்ப்பார்கள். நனைத்த கோட்டின் பைகளில் கனமான எதையாவது போட்டுத் தொங்கவிட்டால் பை தொய்ந்துபோகும். எந்த இடம் முதலில் தேயும் என்று அறிந்தவர் கையில்தான் அது நம்பும்படி அமையும். கண்ட இடத்தில் கிழித்த துணி கிழித்த துணியாகவே தெரியும். ரத்தக் காட்சி இருந்தால் அந்தப் போலி ரத்தத்தை முன்கூட்டியே துணித் துண்டில் தடவி, துவைத்துப் பார்த்து, கறை போகிறதா என்று உறுதி செய்த பிறகே அனுமதிப்பார்கள். மாற்றுச் சட்டையும் தைத்து வைத்திருப்பார்கள்.

பாலே நடனப் பெண் அணியும் டூட்டுவை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் இந்தத் தொழில் முழுவதும் அதில் தெரியும். தட்டுப்போல விரியும் பாவாடைக்குள் வலைத்துணி அடுக்கடுக்காக, கீழே குறுகி மேலே அகன்று, கையால் தைத்து இணைக்கப்பட்டிருக்கும். ரவிக்கைப் பகுதி பல பட்டைகளால் ஆனது. ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். முதுகில் ஒரு வரிசை ஹூக்கு, அதற்கு எதிரே மாட்டும் கண்கள் இரண்டு மூன்று வரிசை. உடல்வாகு மாறினாலும், ஆளே மாறினாலும் வேறு வரிசையில் மாட்டினால் போதும். உள்பட்டியில் பெயர்ச் சீட்டுகள் தைத்திருக்கும்: அதை அணிந்தவர்களின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நாடக உடைகளிலும் இதே ஏற்பாடுதான். லைனிங்கைத் தனியே கழற்றித் துவைக்கலாம். அக்குளில் வியர்வை உறிஞ்சும் பட்டை இருக்கும். கனத்த பாவாடையின் எடையை இடுப்புக்குள் ஓடும் உறுதியான நாடா தாங்கும். இசைநாடகமானால் மைக்கின் பேட்டரிக்கு முதுகில் ஒரு சிறு பை.

நொடியில் மாறும் உடை

ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒப்பனை அறைக்கு ஓடிவர நேரம் இல்லாதபோது, மேடையோரத்திலேயே திரை மறைத்த ஒரு மூலையில் உடை மாற்றம் நடக்கும். இதற்கென்றே ஒத்திகை உண்டு. கடிகாரம் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவார்கள். அடுத்துப் போட வேண்டிய கால்சட்டை இரண்டு வளையமாகத் தரையில் விரித்திருக்கும், ஷூ அதற்குள் காத்திருக்கும். நடிகர் வந்து அதில் கால் வைத்து நிற்பார். ஒரு டிரெஸ்ஸர் கால்சட்டையை மேலே இழுக்க, மற்றொருவர் பின்னாலிருந்து கோட்டை மாட்டுவார். சிறு டார்ச்சின் வெளிச்சம் மட்டும். யார் எந்தக் கையை முதலில் பிடிப்பது என்பதுவரை முடிவாகியிருப்பதால் பேச்சே தேவைப்படாது.

இதற்கு உடையும் ஒத்துழைக்க வேண்டும். சட்டையில் வரிசையாகத் தெரியும் பொத்தான்கள் வெறும் தோற்றம். உள்ளே இருப்பது பிரஸ் பட்டன். காஜாவெல்லாம் தைத்து மூடியிருக்கும். ஷூ கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வேகமானது, ஆனால் பிரிக்கும்போது பர்ரென்று சத்தம் போடும். மேடையில் அமைதியான வசனம் ஓடும்போது அதைக் கைவிட்டு ஹூக்குக்கோ ஜிப்புக்கோ போக வேண்டியிருக்கும். ஜப்பானின் கபுகி அரங்கில் ஹிகினுகி என்றொரு முறை உண்டு. மேலாடையை ஓட்டுத்தையல் நூலால் பிணைத்திருப்பார்கள். மேடையிலேயே இருக்கும் உதவியாளர் சரியான தாளத்தில் நூலை உருவ, பார்வையாளர் கண்முன்னே மேலாடை கழன்று உள்ளே இருக்கும் வேறு நிறக் கிமோனோ வெளிப்படும்.

காட்சி முடிந்ததும் துவைப்பு. உடம்பை ஒட்டிய துணிகள் அன்றாடம் தண்ணீர் காணும். பட்டும் வெல்வெட்டும் அப்படித் தாங்காது. அவற்றின்மீது வோட்காவையோ தண்ணீர் கலந்த ஆல்கஹாலையோ தெளித்துக் காற்றாட விடுவார்கள். வியர்வை வாடை போய்விடும். அறுந்த ஹூக்கு, பிரிந்த ஓரம் எல்லாவற்றையும் மறுநாள் திரை உயர்வதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

எல்லென் டெர்ரியின் பச்சை உடை

1888 டிசம்பரில் லண்டன் லைசியம் அரங்கில் எல்லென் டெர்ரி லேடி மாக்பெத்தாக நடித்தார். அவருடைய உடையை ஆலிஸ் கோமின்ஸ் கார் வடிவமைத்தார். தைத்துக் கொடுத்தவர் ஏடா நெட்டில்ஷிப். பச்சை நூலும் நீல ஜிகினாவும் சேர்த்துப் பின்னி, அதன்மேல் பொன்வண்டின் சிறகோடுகளை ஏறத்தாழ ஆயிரம் தைத்திருந்தார்கள். பாம்பின் உடலும் போர்க் கவசமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்பது எண்ணம். பொன்வண்டுச் சிறகை மஸ்லினில் தைக்கும் பூவேலை இந்தியாவிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்குப் போன கைத்தொழில்தான். 1889இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் அந்த உடையில் டெர்ரியை வரைந்தார். ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடையோ கென்ட்டில் டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் பிளேஸில் சிதைந்துபோய் இருந்து, 1,300 மணி நேர உழைப்புக்குப் பின் 2011இல் பழைய நிலைக்கு வந்தது. செப்பனிட்டவர்கள் பலமுறை மாற்றித் தைத்த தடயங்களையும் ஒட்டுகளையும் அதில் கண்டார்கள். ஓவியத்தில் அசையாமல் மின்னும் உடை, மேடை வாழ்க்கையில் ஊசியை விட்டுப் பிரிந்ததே இல்லை.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலோ உடைக்கெனத் தனிக் கூடம் கிடையாது; கூத்தர்களே தங்கள் அணிகளைச் செய்தும் செப்பனிட்டும் காக்கிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டுவார்கள். இரவு முழுவதும் சுழன்று ஆட வேண்டியவருக்குக் கனம் ஆகாது. எல்லாம் கயிற்றால் இழுத்துக் கட்டுபவை என்பதால் அணி எந்த உடம்புக்கும் பொருந்தும். பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பில் வெல்வெட்டும் ஜரிகையும் தமிழ்க் கம்பெனி நாடகங்களுக்கு வந்தன. பள்ளி ஆண்டுவிழாவுக்கு ராஜா டிரஸ், கட்டபொம்மன் டிரஸ் வாடகைக்குத் தரும் கடைகளில் அந்த வெல்வெட்டை இன்றும் பார்க்கலாம். முதுகில் நாடா வைத்து எந்தப் பிள்ளைக்கும் இறுக்கிக் கட்டும்படியே அவையும் தைக்கப்படுகின்றன.

காட்சிகள் முடிந்தபின் உடைகள் துவைத்து, சீட்டு எழுதி இருப்பறைக்குப் போகின்றன. லண்டன் ராயல் ஆபரா ஹவுஸ் இதற்கென்றே எஸ்ஸெக்ஸின் பர்ஃபிளீட்டில் 2015இல் ஓர் உடை மையம் திறந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உடைகளுக்கு அங்கே இடம் உண்டு, பக்கத்திலேயே தையற்கூடமும் இயங்குகிறது. அங்கே இருப்பவை மறுபடி மேடையேறக் காத்திருப்பவை. பிரான்சின் மூலேன் நகரில் பழைய குதிரைப்படை முகாம் ஒன்றில் 2006இல் திறக்கப்பட்ட தேசிய மேடையுடை மையம் வேறு வகை. பாரிஸ் ஆபரா, கொமெடி ஃபிரான்சேஸ், பிரெஞ்சு தேசிய நூலகம் ஆகிய மூன்றும் அதன் மூல நிறுவனங்கள். அங்கே சேர்ந்த உடையை எந்த நடிகரும் மீண்டும் அணிவதில்லை, யாருக்காகவும் அதைப் பிரித்துத் தைப்பதுமில்லை.