எண்பது அகவையில் போர்க்களம்: மூன்றாம் வீரவல்லாளரின் இறுதிக்காலமும் மாசிமகத் திதி மரபும்

மாசி மாதத்து மகநாளில் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் முதலிய பல தலங்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றனர். மக்கள் தம் முன்னோர்க்குத் திதி கொடுப்பதும் அன்று அக்கரையில் வழக்கம். அதே நாளில் திருவண்ணாமலையை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில் நிகழும் தீர்த்தவாரி சற்று வேறுபட்டது. அங்குத் திதி கொடுப்பவர் அண்ணாமலையார். அதனைப் பெறுபவர் ஒரு மன்னர். மரபு ‘வல்லாள மகாராசன்’ என்று குறிக்கும் அம்மன்னரைப் போசள வேந்தர் மூன்றாம் வீரவல்லாளராக அடையாளம் காண்பர். மகப்பேறு இல்லாத மன்னருக்கு இறைவனே மகனாகி ஈமக்கடன் ஆற்றுவதாக மரபு கூறுகிறது. வரலாற்று வல்லாளருக்கோ மகன் இருந்தான். இம்முரண்பாட்டின் பொருளை அம்மன்னரின் இறுதிக்காலச் செய்திகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

போசளர்க்குத் தமிழகம் புதிய நிலம் அன்று. கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு, சேந்தமங்கலத்தில் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்திருந்த மூன்றாம் இராசராச சோழனைப் போசளப் படைத்தலைவர்கள் 1231இல் மீட்ட நிகழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1291 அளவில், மூன்றாம் வல்லாளர் அரியணை ஏறினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீண்ட அவரது ஆட்சியில் அமைதி கண்ட ஆண்டுகள் குறைவு. 1311இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கியபோது வல்லாளர் பணிந்து திறை செலுத்தினார். தில்லிக்கு அனுப்பப்பட்ட அவருடைய மகன் 1313இல் திரும்பி வந்ததைக் கன்னடக் கல்வெட்டொன்று குறிக்கிறது. 1320களின் இறுதியில், முகமது பின் துக்ளக்கின் படையெடுப்பை அடுத்து, அவரது இருப்பு உண்ணாமலைப்பட்டணம் எனப்பட்ட திருவண்ணாமலைக்கு மாறியது. 1335 அளவில் மதுரையில் ஜலாலுதீன் அசன் ஷா தனியாட்சியை நிறுவினார். அதன்பின் வல்லாளரின் கவனம் பெரிதும் தெற்கு நோக்கியே இருந்தது.

இறுதிப்போரைப் பற்றி விரிவாகப் பேசும் சான்று இபின் பதூதாவின் பயண நூலாகும். இவர் அசன் ஷாவின் மகளை மணந்தவர்; போர் நிகழ்ந்தபோது மதுரையை ஆண்ட கியாசுதீனும் அசன் ஷாவின் மற்றொரு மகளை மணந்திருந்தார். ஆகவே வெற்றி பெற்ற தரப்பின் உறவினர் எழுதிய குறிப்பு இது என்பதை மறத்தலாகாது. அவர் தரும் படை எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் வரைந்து காட்டும் சூழல் நம்பத்தக்கது. வல்லாளர் கொப்பத்தை, அதாவது இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பத்தை, முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்களிடம் பதினான்கு நாள் உணவே எஞ்சியது. சுல்தானிடம் கலந்து முடிவு சொல்ல அவர்கள் தவணை கேட்டனர். வல்லாளர் அதற்கு இசைந்தார். அத்தவணைக்குள் கியாசுதீனின் படை நண்பகல் ஓய்வு வேளையில் பாசறை மீது பாய்ந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்கு விடப்பட்டிருந்தன. வந்தவர்களைத் திருடர்கள் என்றே பாசறையினர் முதலில் எண்ணினர்.

எண்பது அகவையினரான மன்னர் அப்போது குதிரைமீது ஏற முயன்றதாக இபின் பதூதா எழுதுகிறார். எண்பது என்பது முழுமையாக்கப்பட்ட எண்ணாக இருக்கலாம். எனினும் முப்பது வயதளவில் பட்டமேறி ஐம்பதாண்டு ஆண்டவர்க்கு அது பொருந்தும் கணக்கே. சுல்தானின் உடன்பிறந்தார் மகன் நாசிருதீன், எதிரே நிற்பவர் மன்னர் என்று அறியாமலே வெட்ட ஓங்கினான். அடிமை ஒருவன் சொல்லவே சிறைப்பிடித்தான். சிறையில் முதலில் மரியாதையுடன் நடத்தப்பட்ட வல்லாளர், செல்வமும் யானைகளும் குதிரைகளும் பறிக்கப்பட்ட பின் கொல்லப்பட்டார். அவரது தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டனர். அதனைத் தாம் நேரில் கண்டதாக இபின் பதூதா கூறுகிறார். இது நிகழ்ந்தது 1342இல். தவணை கொடுத்ததைப் போர்த்தந்திரப் பிழை என்று எளிதில் கூறிவிடலாம். பணிவதற்கு வாய்ப்பளித்தல் அக்காலப் போர்நெறியில் இயல்பானது என்பதும், 1311இல் அவரே பணிந்து நாட்டைக் காத்துக்கொண்டவர் என்பதும் அம்முடிவை விளக்கக்கூடும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. மன்னரின் உடல் உறவினர் கைக்கு வந்து முறைப்படி எரியூட்டப்பட்டது என்று கொள்ள இக்குறிப்பு இடந்தரவில்லை. ஈமக்கடன் நிறைவேறாத மன்னர் என்னும் நினைவு இதிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். அவருக்குப்பின் முடிசூடிய விருபாட்ச வல்லாளர் சில ஆண்டுகளே ஆண்டார். 1346 அளவில் போசள அரசு மறைந்து, அதன் நிலம் விசயநகரச் சங்கம மரபினர் வசமாயிற்று. திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் அவர்க்குத் திதி கொடுக்க அரசமரபினர் எவரும் எஞ்சவில்லை.

பின்னாளில் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம், வல்லாள மகாராசனுக்குத் தனிச் சருக்கமே வகுத்துள்ளது. அடியவர் கேட்டதை மறுக்காத மன்னர், பிள்ளையில்லாக் குறை, குழந்தையாகத் தோன்றி மறையும் இறைவன் என அக்கதை வளர்கிறது. போர்க்களமும் முதுமையும் அதில் முதன்மை பெறவில்லை. வரலாற்றில் மரபு அற்றுப்போனது. புராணத்தில் மகனே பிறக்கவில்லை. முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொன்னதே இக்கதையின் உட்கருவாகலாம்.

சடங்கு மரபோ போரை மறக்கவில்லை. தை மாதம் மணலூர்ப்பேட்டையில் தென்பெண்ணையாற்றுத் தீர்த்தவாரி முடிந்து அண்ணாமலையார் திரும்பும் வழியில், வல்லாளர் போரில் கொல்லப்பட்ட செய்தி அவரிடம் தெரிவிக்கப்படுகிறது. அங்கிருந்து கோயில் வரை மேளமும் நாகசுரமும் ஒலிப்பதில்லை.