அத்திப்பட்டு வரை வந்த லென்ஸ்

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் ஆஸ்பத்திரி கவுன்சிலர் ஒரு பட்டியலை எடுத்து நீட்டுவார். சாதா லென்ஸ், மடிக்கிற லென்ஸ், டோரிக், மல்டிஃபோகல் என்று வரிசையாக இருக்கும், எதிரே விலை. கீழே போகப் போக விலை ஏறும், பார்வையும் ஏறும் என்று நம்ப வைக்கிற மாதிரிதான் அந்தத் தாள் அச்சிடப்பட்டிருக்கும். கும்மிடிப்பூண்டி லைன் மின்ரயிலில் அத்திப்பட்டிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெரியவரும் அவர் மகனும் அதைப் பார்த்து விழிப்பதில் வியப்பில்லை. பட்டியலின் முதல் வரியில் கிடக்கும் அந்தச் சாதா லென்ஸ் அவர்கள் கைக்கு எட்டுகிற விலைக்கு வரவே, முதன்முதலில் ஒரு கண்ணுக்குள் வைத்த நாளிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

1940 ஆகஸ்ட் 15 அன்று கோர்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் ஹரிக்கேன் போர் விமானத்தைக் குண்டுகள் துளைத்தன. தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடி சிதறித் துணுக்குகள் இரண்டு கண்ணிலும் ஏறின. ஒரு கண் போய்விட்டது. மற்றதில் தங்கிய துணுக்குகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் அங்கேயே கிடந்தன. ஹெரால்டு ரிட்லி என்ற கண் டாக்டர் இதைக் கவனித்து வைத்திருந்தார். பின்னொரு நாள் அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்ததற்குப் பதிலாக வேறு லென்ஸ் வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள் ரிட்லி பெர்ஸ்பெக்ஸ் லென்ஸை வைத்தார். அதைச் செய்து கொடுத்தது ரேனர் நிறுவனம்.

லென்ஸைக் கண் ஏற்றுக்கொண்டது. பவர்தான் தப்பாகிப் போனது. இயற்கை லென்ஸின் வளைவை ஏறக்குறைய அப்படியே நகலெடுத்திருந்தார்கள்; பெர்ஸ்பெக்ஸோ ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். புரை போன அந்தப் பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. இன்று ஆபரேஷனுக்கு முன் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து, சூத்திரத்தில் போட்டுப் பவரைக் கண்டுபிடிக்கிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் சுமார் 2.5 டயாப்டர் மாறிவிடும். அளவு தவறிய விலை உயர்ந்த லென்ஸைவிட, அளவு சரியாக எடுத்து வைத்த சாதா லென்ஸ் எவ்வளவோ மேல். பட்டியலைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்த அளவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ரிட்லியைப் பெரிய டாக்டர்களே எதிர்த்தார்கள். கண்ணுக்குள் பிளாஸ்டிக் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று பலரும் நினைத்த காலம் அது. அமெரிக்க அரசு 1981இல்தான் ஒப்புதல் தந்தது.

நம் ஊரில் அப்போது என்ன நிலைமை? புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு அனுப்புவார்கள். பார்க்கும் எதுவும் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் பார்வை இருக்காது. படி இறங்கும்போது கால் தவறும். கண்ணாடி உடைந்தால் திரும்பவும் குருடுதான். ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு இதுதான் உறுத்தியது. எண்பதுகளில் பணம் கட்டுகிறவருக்கு லென்ஸ், கட்ட முடியாதவருக்குச் சோடாபுட்டி. இறக்குமதி லென்ஸ் ஒன்று 80 முதல் 100 டாலர் வரை விற்றது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் கட்டுப்படியாகாது என்று சர்வதேச நிபுணர்களில் பலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

விலை குறையாவிட்டால் நாமே செய்வோம் என்று 1992இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமாக ஆரோலேப் பிறந்தது. தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் டேவிட் கிரீன் முக்கியமானவர். ரிட்லி வைத்த அதே வகைப் பிளாஸ்டிக்கைக் கடைந்து, மெருகேற்றி, கிருமி நீக்கி, அரை டயாப்டர் வித்தியாசத்தில் பவர் பவராகப் பிரித்து அடைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். முதலில் சுமார் 10 டாலருக்கு விற்ற லென்ஸ், பிறகு 5 டாலருக்கும் கீழே போனது. ஆரோலேப் தயாரிப்புகள் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. 1994இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. இலவச முகாமுக்கு வருகிறவருக்கும் லென்ஸ் என்பது வழக்கமானது.

அதனால்தான் ‘லென்ஸ் கிடைக்குமா’ என்ற கேள்வி ‘எந்த லென்ஸ்’ என்று மாறியிருக்கிறது. அத்திப்பட்டில் இதற்கு ஒரே விடை சொல்ல முடியாது. அனல் மின்நிலையத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் இடையே ராத்திரியில் டிரெய்லர் ஓட்டுகிறவர் மல்டிஃபோகல் கேட்டால் நான் தடுப்பேன். கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்ட அந்த லென்ஸ் ஒளியைப் பங்கு போடுகிறது. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். அவருக்குத் தூரத்தை மட்டும் தெளிவாகக் காட்டும் மோனோஃபோகல் லென்ஸ் போதும், ரசீது படிக்க ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். கொசஸ்தலையாற்றங்கரையில் வலை பின்னுகிறவர் கிட்டப் பார்வைக்கே பவர் வைக்கச் சொல்லி டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். கண்ணாடியே வேண்டாம் என்பவர், ராத்திரி வண்டி ஓட்டாதவர், விழித்திரை நன்றாக உள்ளவர் என்றால் மல்டிஃபோகல் வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தால் அந்தப் பணம் வீண்.

டோரிக் கருவிழி வளைவு கோணலாக இருப்பவருக்கு மட்டும். அது தன் அச்சிலிருந்து ஒரு டிகிரி திரும்பினாலே சுமார் 3 சதவீதப் பலன் போய்விடும். மடிக்கிற லென்ஸுக்குக் கீறல் சின்னது, மூன்று மில்லிமீட்டருக்கும் கீழ்; காயம் சீக்கிரம் ஆறி வேலைக்குப் போகலாம். சாதா லென்ஸுக்கு ஆறு மில்லிமீட்டர் வேண்டும், அதையும் தையலில்லாமல் செய்கிறார்கள். காயம் ஆறியபின் இரண்டுக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை.

சில மாதமோ சில வருஷமோ கழித்து மங்கினால் ‘புரை திரும்ப வளர்ந்துவிட்டது’ என்பார்கள். வளர்வது புரையல்ல, லென்ஸுக்குப் பின்னாலுள்ள ஜவ்வுப் பை மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிஷத்தில் அதைத் திறந்துவிடலாம், லென்ஸை மாற்ற வேண்டாம். லென்ஸ் டப்பாவிலிருந்த ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியில் ஓர் அட்டையில் ஒட்டித் தருவார்கள். கம்பெனி, மாடல், பவர், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது கண்ணுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பெரும்பாலான வீடுகளில் அது மருந்துச் சீட்டோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.