வினாவும் சான்றும்: ஆய்வின் அகலம் குறித்துச் சில சிந்தனைகள்

தமிழில் இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது எனக் கருதப்படுவது ஆயிர மசலா. வண்ணப் பரிமளப் புலவர் 1572-ஆம் ஆண்டில் இயற்றிய இந்நூல் வினா-விடை அமைப்பில் அமைந்தது. அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அது செல்கிறது. வினவிய பின்னரே அவர் ஏற்கிறார். தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய வரலாறு இவ்வாறு வினாக்களின் தொகுப்பொன்றோடு தொடங்குவது எண்ணிப் பார்க்கத்தக்கது. வினவுவதும், விடைக்குச் சான்று கேட்பதும், சான்று காட்டும் வழியில் செல்வதுமே ஆய்வு எனப்படும்.

ஆயினும் ஆய்வு என்றதும் நம்மவர் உள்ளத்தில் பெரும்பாலும் எழுவது இலக்கிய ஆய்வு ஒன்றே. சீறாப்புராணத்தில் உவமை, முனாஜாத்துகளில் பக்தி என்பன போன்ற தலைப்புகளையே நாம் அதிகம் அறிவோம். அவை வேண்டாதன அல்ல. எனினும் கல்வி, அறிவியல், உடல்நலம் ஆகிய துறைகளின் ஆய்வுகளும் நம் வாழ்வை அதே அளவுக்குத் தொடுகின்றன. இந்நான்கு துறைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றிலும் சிறந்த ஆய்வு எதுவோ, அது மக்கள் ஐயமின்றி நம்பியிருந்த ஒன்றை மறுத்திருக்கிறது.

முதலில் இலக்கியத்தைக் காண்போம். உமறுப்புலவரோடு தொடங்கி அவரோடு முடிந்துவிடுவதே முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைப் பற்றிய தம் ஆங்கில ஆய்வு நூலை 1953-இல் வெளியிட்டார். 1973-இல் திருச்சிராப்பள்ளியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உவைஸும் பீ. மு. அஜ்மல்கானும் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினர். காப்பியங்களோடு கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்கே புதியனவாக வந்த இலக்கிய வகைகளும் முறையாகத் தொகுக்கப்பட்டன. இல்லை என்று கருதப்பட்ட ஓர் இலக்கியப் பரப்பு உண்டு என்று நிறுவப்பட்டது.

அடுத்து உடல்நலம். சென்னைக்கு மேற்கே, குன்றத்தூரிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் அமைந்தது மாங்காடு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் ஒருபுறம். பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் அரசு நிறுவனம் அமைந்த பூவிருந்தவல்லி மறுபுறம். இலக்கியத்துக்கும் நலவாழ்வுக்கும் நடுவே கிடக்கும் இவ்வூர் 2021 முதல் நகராட்சியாக விளங்குகிறது. 1997-இல் பிரிக்கப்படுவதற்கு முன் இப்பகுதி முழுவதும் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தது. உலக மருத்துவ வரலாற்றில் அம்மாவட்டத்தின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் அங்கு நடந்த ஓர் ஆய்வே.

காசநோயைத் தடுக்கும் என நம்பப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் ஆற்றலை அளந்தறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையோடு, 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆய்வு தொடங்கியது. திருவள்ளூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஏறத்தாழ 3,60,000 மக்கள் பதிவு செய்யப்பட்டனர். ஒரு சாராருக்கு உண்மையான தடுப்பூசியும், மற்றொரு சாராருக்கு மருந்தற்ற ஊசியும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது செலுத்தப்பட்டது என்பதைப் பெற்றவரும் அறியார், செலுத்தியவரும் அறியார். அறிந்தால் விருப்பம் முடிவைத் திரிக்கும் என்பதே இதன் காரணம்.

ஏழரை ஆண்டுகளுக்குப் பின் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்தது. வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அவ்வூசி பயனளிக்கவில்லை. பதினைந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-இல் வெளியாகி, அதனையே உறுதி செய்தது. குழந்தைகளிடத்து மட்டும் சிறிதளவு பாதுகாப்பு தென்பட்டது. மூளையுறை காசநோய் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதால், அவ்வூசி இன்றும் பிறந்த குழந்தைக்குச் செலுத்தப்படுகிறது. ஆனால் ஊசி ஒன்றே போதும் என எண்ணிச் சளிப் பரிசோதனையையும் மருந்தையும் புறக்கணிக்கும் ஆபத்து நீங்கியது.

இத்தகையதே 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தின் முதல் ஆய்வும். காசநோயாளி இல்லத்தினின்று பிரிக்கப்பட்டு, சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற்றாலன்றிப் பிழைக்கமாட்டார் என்பது அந்நாளைய நம்பிக்கை. படுக்கைகளோ மிகச் சில. நோயாளரோ மிகப் பலர். ஏறத்தாழ 190 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினருக்குச் சென்னையில் அவரவர் எளிய இல்லங்களிலும் ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் கேடு விளையவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் ஏழை நோயாளரின் சிகிச்சை முறையையே மாற்றியது. நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களில் தந்தையும் தாயும் பிள்ளைகளைப் பிரியாமலே நலம் பெற்றனர்.

இரு பிரிவாக்கி ஒப்பிடும் இம்முறையின் வேர் மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்கர் அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடிக்காது விட்டும் விளைவை ஒப்பிட்டதாகத் தம் மருத்துவக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அறிவியலிலும் இதுவே நிகழ்ந்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது எனப் பண்டை அறிஞர் பலர் கூறிவந்தனர். பதினொன்றாம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் தம் கிதாபுல் மனாழிரில், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது எனச் சோதனைகளால் நிறுவினார். முன்னோரின் நூலைப் பயில்பவர் அதனை ஐயத்தோடும் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. தாலமியின் வானியலை ஆராய்ந்து ஐயங்களின் நூல் ஒன்றையே அவர் தனியாக எழுதினார்.

நம் காலத்தில் அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்ற எண்ணத்தை எதிர்த்துப் பணியாற்றியவர் மணவை முஸ்தபா (1935–2017). யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய அவர், மருத்துவம், கணினி, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தார். இஸ்லாமிய இலக்கியத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஒரே மனிதர் இரு துறைகளிலும் உழைக்க இயலும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இறுதியாகக் கல்வி. முஸ்லிம் பிள்ளைகளுள் பெரும்பகுதியினர் மதரஸாக்களுக்கே செல்கின்றனர் என்பது நாட்டில் பரவலாக நிலவிய கருத்து. 2005-இல் அமைக்கப்பட்டு 2006-இல் அறிக்கை அளித்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு, பள்ளிப் பருவத்து முஸ்லிம் பிள்ளைகளுள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே அவ்வாறு செல்கின்றனர் எனக் காட்டியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியோ 64.8 விழுக்காடு. ஆனால் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடாக, மாநிலச் சராசரியான 73.5 விழுக்காட்டையும் விஞ்சி நின்றது. பின்தங்கியோர் என்ற பொதுச்சொல் எவ்விடத்தில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதை எண்கள் சொல்லிவிட்டன. எழுத்தறிவில் முந்திய சமூகம் உயர்கல்வியிலும் ஆய்விலும் அதே வேகத்தில் முன்னேறுகிறதா என்ற அடுத்த வினாவை நாமே எழுப்பியாக வேண்டும்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியை மட்டும் பார்த்ததில்லை. அதனை அறிவித்தவர் யார், அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஒவ்வொருவராக ஆராய்ந்தனர். உள்ளத்துக்கு இனிய செய்தியாயினும் அறிவிப்பாளர் தொடர் பலவீனமாயின் அதனைப் பலவீனமானது என்றே எழுதிவைத்தனர். செங்கல்பட்டு ஆய்வாளர்கள் தாம் விரும்பாத முடிவை மறைக்காது வெளியிட்டதும் அத்தகைய நேர்மையே. துறைகள் பல, அறம் ஒன்று.

அந்த அறத்தை மரபாகப் பெற்ற சமூகம் தன் ஆய்வு மாணவரை ஒரே துறைக்குள் நிறுத்துவது பொருந்தாது. மாங்காட்டைச் சூழ்ந்த போரூரிலும் தண்டலத்திலும் இன்று மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. நம் பெண்களின் இரத்தசோகை, நீரிழிவின் பரவல், பள்ளி இடைநிற்றல், கைவிடப்பட்டுக் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகள் என ஆராயத்தக்கவை நம் வாயிலிலேயே உள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளும் இளைஞருக்கு நூலும் ஊக்கமும் உதவித்தொகையும் அளிப்பது நம் கடமை. அவர் காணும் முடிவு நமக்குக் கசப்பாயினும் அதனைக் கேட்கும் மனம் வேண்டும். உதவித்தொகையினும் அரியது அதுவே.