நெல்லைச் சீமை வரியும் லண்டன் மாநகர வாக்கும்

தாமிரபரணிக் கரையில் விளைந்த நெல், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் லண்டன் பாராளுமன்றத்தில் வாக்காக மாறிய காலம் ஒன்று உண்டு. பணம் அதிகாரத்தின் கதவைத் தட்டும் முறை நாட்டுக்கு நாடு எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்வரலாறு நல்ல பாடமாகும்.

கன்னடியன், மருதூர் முதலிய அணைக்கட்டுகளால் கார், பிசானம் என இருபோகம் கண்டது நம் நெல்லைச் சீமை. இதன் வரி ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜாவுக்கு உரியதாயிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் படை அவருக்காகப் போரிட்டது. செலவு அவர் தலையில் விழுந்தது. கும்பினிக்குக் கட்ட வேண்டிய பணத்தை, அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம் அவர் தனிக்கடனாக வாங்கினார். ஈடாகத் தம் சீமைகளின் வரியை விளையுமுன்பே எழுதிக்கொடுத்தார். வட்டி குடியானவனின் களத்துமேட்டிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

கடன் கொடுத்தோருள் பெயர்பெற்றவர் பால் பென்பீல்டு. 1764இல் சிறு சம்பளத்துக்குச் சென்னைக்கு வந்தவர், 1776இல் தஞ்சைச் சீமையின் விளைச்சல் மீது பெருந்தொகைக்கு உரிமை கொண்டாடினார். அதற்கு இணங்காத கவர்னர் பிகட் பிரபுவை, அவருடைய ஆலோசனை சபையினரே 1776 ஆகஸ்டு 24இல் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். சென்னையில் பணத்துக்குத் தூதர் தேவைப்படவில்லை. கடன்காரரும் தீர்ப்புச் சொல்வோரும் ஒரே கூட்டத்தார்.

லண்டனிலோ நிலைமை வேறு. அங்கே சட்டம் இருந்தது. கேள்வி கேட்கும் மன்றம் இருந்தது. ஆகவே பணம் மன்றத்துக்குள் இடம் தேடிற்று. வாக்காளர் மிகச் சிலரே உள்ள சிற்றூர்த் தொகுதிகள் அந்நாளில் விலைக்குக் கிடைத்தன. 1780இல் பென்பீல்டு கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். நவாபும் வாளாவிருக்கவில்லை. அவருடைய முகவராய்ப் பணியாற்றிய ஜேம்ஸ் மக்பர்சன் அதே ஆண்டில் கேமல்போர்டு தொகுதியின் உறுப்பினரானார். கடன் வாங்கியவருக்கும் அங்கே ஆள் இருந்தது, கொடுத்தவருக்கும் இருந்தது. இருவருக்குமாக வரி கட்டிய நெல்லைக் குடியானவனுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

1781இல் கவர்னர் மக்கார்ட்னி பிரபு, கர்நாடக வரி வசூலை நவாபிடமிருந்து கும்பினியின் பொறுப்புக்கு மாற்றினார். 1783இல் ஐல்ஸ் இர்வின் என்பார் நெல்லைச் சீமைக்கு மேற்பார்வையாளராக வந்தார். 1784ஆம் ஆண்டுச் சட்டம், நவாபின் கடன்களை ஆராயுமாறு கும்பினி இயக்குநர்களைப் பணித்தது. ஆனால் ஹென்றி டண்டாஸ் செல்வாக்குச் செலுத்திய மேற்பார்வை வாரியம், ஆராயாமலே அவற்றை ஏற்றது. ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன் அதற்கென ஒதுக்கப்பட்டது. வசூல் உரிமையும் நவாபிடமே திரும்பியது. மக்கார்ட்னி பதவி துறந்தார். 1785 பிப்ரவரி 28இல் எட்மண்ட் பர்க் இதனைக் கண்டித்து நெடுநேரம் முழங்கினார். மன்றமோ ஆவணங்களைக் கோரிய தீர்மானத்தைத் தோற்கடித்தது.

விளைவு என்ன? ஆராயாமல் பணம் கிடைக்கும் எனக் கண்டோர் புதுப் பத்திரங்களுடன் முளைத்தனர். 1801 ஜூலை 31இல் கர்நாடகம் கும்பினி வசமாயிற்று; நெல்லையும் உடன் சென்றது. 1805இல் அமைந்த விசாரணைக் குழுவின் முன் வந்த கோரிக்கைகள் மூன்று கோடி பவுனுக்கு மேல். உண்மைக் கடன் என ஏற்கப்பட்டதோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிற்காலத்தில் நாடுகள் வெவ்வேறு வேலி கட்டின. பிரிட்டன் 1883இல் வேட்பாளரின் தேர்தல் செலவுக்கு வரம்பிட்டது. அமெரிக்கா 1946இலும் 1995இலும், கூலி பெற்றுச் சட்டமன்றத்தாரை அணுகுவோர் பெயரைப் பதிவுசெய்யப் பணித்தது. ஆயினும் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நிறுவனங்கள் தேர்தலில் தனித்துச் செலவிட வழிதிறந்தது. நம் நாட்டில் 1969இல் கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை அளிப்பது தடுக்கப்பட்டு, 1985இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரம் கொடுத்தவர் பெயரை மறைத்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. ஓரிடத்தில் வரம்பு, ஓரிடத்தில் பதிவு, ஓரிடத்தில் மறைப்பு. பணத்தின் நோக்கம் மட்டும் எங்கும் ஒன்றே.

ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துவைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய செய்தியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பதவியை நீக்கிவிட்டுப் பரிசைப் பார் என்பதே அதன் சாரம். பென்பீல்டின் செல்வம் இவ்வுரைகல்லில் நில்லாது.

நவாபு நம்மவர் என்பதாலும், திருவல்லிக்கேணியில் அவர் பெயரால் அழகிய பள்ளிவாசல் விளங்குவதாலும், அவர் செயலை மூடிமறைத்தல் தகாது. விளையாத நெல்லை அடகு வைத்தது அவர் கையெழுத்தே. பர்க்கின் குரலைத் தோற்கடித்த வாக்குகளின் விலையில் நம் ஆற்றங்கரை உழவனின் வியர்வையும் கலந்திருந்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கேட்கும் உரிமையை நாம் இழக்குமிடமெல்லாம், அவ்வுழவனின் நிலையே நமக்கும் வாய்க்கும்.